கிணற்றுத் தண்ணியில எவ்வளவு கந்தகம்?

சிவகாசிப் பக்கம் கந்தகம் புதுசு இல்லை. வெடியுப்பு, கரித்தூளோடு அதையும் சேர்த்தால்தான் வெடிமருந்து. அது எரியும்போது ஒரு பகுதி சல்பேட் உப்பாகப் புகையில் கலக்கிறது. இன்னொரு பகுதி வாயுவாகப் போய், காற்றிலேயே மெல்ல சல்பேட்டாக மாறி, மழையோடு நிலத்துக்கு வருகிறது. "அப்போ என் கிணறு கெட்டுப்போச்சா?" என்று கேட்கும் உழவருக்கு ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. அளந்து பார்க்கணும்.

தண்ணீரில் பேரியம் குளோரைடு சேர்த்தால், சல்பேட் அதோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் தூளாகும். தண்ணீர் பால் மாதிரி கலங்கும். கலங்கல் கூடினால் சல்பேட்டும் கூட. பட்டாசுக்குப் பச்சை நிறம் தருவதும் பேரியம்தான். பட்டாசில் பேரியம் உப்புகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

கையால் செய்யும்போது, கலக்கும் வேகம் மாறினாலே அளவும் மாறிவிடும். தானியங்கிக் கருவியில் மெல்லிய குழாய்க்குள் தண்ணீர் ஓடும். பம்பு மருந்தை அளவாகச் சேர்க்கும். ஒளியைப் பாய்ச்சிக் கலங்கலைக் கருவியே படிக்கும். எல்லா மாதிரிக்கும் ஒரே பக்குவம். காற்றை அளக்க, 24 மணி நேரம் வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, படிந்த தூசியை நீரில் ஊறவைத்து அந்த நீரை அளப்பார்கள்.

குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 400 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பாசனத்துக்குக் கணக்கு வேறு. சல்பேட்டில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். லிட்டருக்கு 60 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், ஒரே பாய்ச்சலில் 4 கிலோ கந்தகம் வயலுக்குப் போகும். நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் அது சத்துதான்.

சல்பேட் கூடியிருந்தால் உடனே பட்டாசு ஆலையைக் கை காட்ட வேண்டாம். மண்ணில் இருக்கும் ஜிப்சம், பக்கத்து வயலின் அமோனியம் சல்பேட் உரம், கழிவுநீர் எல்லாமே காரணமாகலாம். கோடையிலும் மழைக்குப் பிறகும் சோதித்து, ஆலைக்குத் தள்ளியிருக்கும் கிணற்றோடு ஒப்பிட்டால்தான் விவரம் புரியும். மின்கடத்துத் திறன், சோடியம் இரண்டையும் சேர்த்தே கேளுங்க. கரிசலை இறுக்குவது சோடியம்தான்.

மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூணு தடவை அலசிப் பிடிங்க. உரப் புட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.