மருந்துக்கு மசியாத புற்றுநோயும் கொழுப்பும்

மஹரகம ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு, சில லயங்களில் முட்டையையும் தேங்காய்ப்பாலையும் உடனே நிறுத்திவிடுகிறார்கள். "கொழுப்புத்தான் கட்டியை வளர்க்குதாம்" என்று யாரோ சொன்னார்களாம். இது பாதிதான் சரி.

பல புற்றுநோய்க் கலங்கள், சோற்றிலும் ரொட்டியிலும் கிடைக்கும் சீனிச்சத்திலிருந்து தாங்களே கொழுப்பைச் செய்துகொள்கின்றன. பக்கத்திலுள்ள கொழுப்புக் கலங்களிடமிருந்தும் இழுத்துக்கொள்ளும். கலத்தைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அந்தக் கொழுப்பின் வகை மாறிச் சவ்வு இறுகினால், கொழுந்தெடுக்கப் போகையில் நாம் கட்டும் படங்கு மழைத்தண்ணியைத் தடுப்பதுபோல, சில மருந்துகள் உள்ளே போவது குறைகிறது. போனாலுங்கூட, தேக்கிவைத்த கொழுப்பை எரித்துச் சக்தி எடுத்து, பட்ட சேதத்தைக் கலம் சரிபண்ணிக்கொள்ளப் பார்க்கும். அப்படித் தப்பியவைதான் பிறகு பெருகுகின்றன. முதலில் கரைந்த கட்டி சிலருக்குத் திரும்ப வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையைத் தடுக்கும் மருந்துகள் பரிசோதனையில் இருக்கின்றன. சட்டியில் எண்ணெயைக் குறைத்து அதைச் செய்ய முடியாது. கட்டி தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்ளும், இளைத்துப்போவது நோயாளிதான். உடம்பு ரொம்ப மெலிந்து, இரத்தமும் குறைந்துபோனால் டாக்டர் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும். ஆகவே முட்டை, பருப்பு, நெத்தலி, பால் என்று வாய்க்கு எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கிலேயே கேட்டு வாருங்கள்.