எதைத்தான் புசிப்பது?

முட்டையை விலக்கு என்கிறார் ஒரு வைத்தியர். தாராளமாய்ப் புசி என்கிறார் மற்றொருவர். நெய்யின் கதியும் தேங்காயெண்ணெயின் கதியும் இதுவே. ஆகார விஷயத்தில் ஜனங்கள் திகைத்து நிற்பதில் ஆச்சரியமில்லை. ஆயினும், சாட்சிகள் முரண்படுகிறார்கள் என்பதற்காக எந்த நியாயாதிபதியும் வழக்கை விட்டு எழுந்து போய்விடுவதில்லை. முரண்பாட்டின் காரணத்தை விசாரிப்பதே முறை.

முதற் காரணம் ஆராய்ச்சியின் இயல்பு. எலியைக் கூண்டிலடைத்து ஒரே ஆகாரம் கொடுத்துச் சோதிக்கலாம். மனிதனை இருபது வருஷம் அவ்விதம் வைத்திருத்தல் இயலாது. ஆகையால், பலரிடம் அவர்கள் உண்டதைக் கேட்டே பெரும்பாலும் முடிவு கட்டுகிறார்கள். கீரையை விரும்பி உண்பவன் புகை பிடியாதவனாகவும் நாள்தோறும் நடப்பவனாகவும் இருக்கலாம். அவனுடைய சுகத்துக்குக் காரணம் கீரையா, நடையா? பிரித்தறிவது எளிதன்று. அமெரிக்க இருதய சங்கத்தார் 1968-ல், வாரத்துக்கு மூன்று முட்டை மஞ்சட்கருவுக்கு மேல் ஆகாதென்றனர். அந்நாட்டு அரசாங்கத்தின் 2015-ம் வருஷத்து ஆகார விதிகளிலோ, உணவிலுள்ள கொலஸ்டிராலுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு நீக்கப்பட்டது.

பிழையைத் திருத்திக்கொள்வதில் வெட்கமில்லை. வெட்கத்துக்குரியது இரண்டாவது காரணம், அதுவே பணம். அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் ஸ்தாபனம் ஒன்று, 1960-களில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரையின் மீதிருந்த பழியைக் குறைத்து, இருதய நோய்க்குக் கொழுப்பே காரணமெனக் காட்டும் கட்டுரை 1967-ல் வெளிவந்தது. பணம் வந்த வழி 2016-ல்தான் அம்பலமாயிற்று.

மூன்றாவது குற்றவாளிகள் பத்திரிகைக்காரராகிய நாமே. ஒரு சிறு ஆராய்ச்சிக்குப் பெரிய தலைப்புக் கொடுக்கிறோம். அது மறுக்கப்பட்டால் மூலையில் நாலு வரி போடுகிறோம்.

விளைவென்ன? கூலி வேலை செய்யும் தாய், குழந்தைக்கு முட்டையும் கடலையும் வாங்க வேண்டிய காசைச் சர்க்கரை மிகுந்த மால்ட் மாவு டப்பாவுக்குக் கொடுக்கிறாள். ‘ஆரோக்கிய பானம்’ என்பதற்கு உணவுச் சட்டத்தில் விளக்கமே இல்லையென்று கூறி, இத்தகைய பானங்களை அத்தலைப்பினின்று நீக்கும்படி, இணையத்தில் விற்கும் வியாபாரிகளுக்கு இந்திய வர்த்தக அமைச்சு 2024 ஏப்ரலில் அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

ஆனால் சர்ச்சைக்கு அப்பாற்பட்ட உண்மைகளும் உண்டு. 1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமற் போவதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அவ்வுண்மை இன்றும் அசையவில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய போஷணை ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட 17 விதிகளிலும் மாயமொன்றுமில்லை. தட்டில் ஏறக்குறையப் பாதி காய்கறி, கீரை, கிழங்கு, பழம். மீதியில் தவிடு போகாத தானியமும் தவறாமற் பருப்பும். இசைந்தோருக்கு முட்டை, மீன். பால் அல்லது தயிர். சர்க்கரையும் ஆலைத் தின்பண்டமும் சொற்பம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்கு மேற்படாமை. இவ்வளவே சாரம்.

இனிப் புதிய உபதேசம் எதுவும் செவியில் விழுந்தால், நண்பர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்களாக. எத்தனை பேரிடம், எத்தனை காலம் பார்த்துச் சொன்னது? சொன்னவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? பதில் வரும்வரை அடுப்பில் பருப்பும் கீரையும் வேகட்டும்.