சராசரிச் சம்பளம் யாருடைய சம்பளம்?

பஹ்ரைன் குதைபியாவில் வாழும் எங்களிடம் ஊரிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அங்கே சராசரிச் சம்பளம் எவ்வளவு?" அந்த ஒரு எண்ணை நம்பியே முகவருக்குக் கட்டக் காணி ஈடு போகிறது, நகை அடகு போகிறது. ஆகவே பள்ளியில் படித்த நான்கு சொற்களை மீண்டும் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தில் முகாமையாளரோடு ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் தினாரில்: 90, 100, 100, 110, 120, 130, 750.

இடை: எல்லாவற்றையும் கூட்டி ஏழால் பிரிப்பது. 1,400 ÷ 7 = 200. இதையே சராசரி என்கிறோம். ஆனால் அந்த 200 தினாரை எடுப்பவர் எவருமில்லை. ஆறு பேர் அதற்குக் கீழே.

இடையம்: வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 110. தமிழகத்தில் இதை இடைநிலை என்பர்.

ஆகாரம்: அதிக தடவை வருவது, 100. தமிழகத்தில் முகடு.

வீச்சு: பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது, 660. முகாமையாளரை விட்டால் வெறும் 40.

200 என்று நம்பி வருபவருக்குக் கிடைப்பது 110 என்றால், மாதம் 90 குறைகிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் 2,160 தினார். கடன் வட்டி அதைப் பார்த்து நிற்காது.

எனவே பிள்ளையை அனுப்பு முன் இப்படிக் கேளுங்கள்: இதே வேலையில் புதிதாகச் சேருபவரின் இடையம் என்ன? எத்தனை பேரைக் கேட்டு எடுத்த எண்? அடிப்படைச் சம்பளமா, படிகளும் சேர்த்தா?