பிள்ளைகளுக்குத் தடுப்பூசி: கேட்கும் உரிமையும் காக்கும் பொறுப்பும்

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அன்று சேலை ஒப்படைக்கும் நாள். அங்கத்தினர்கள் நெய்த சேலைகளைக் கொடுத்து, அடுத்த பாவுக்கு நூல் பெற்றுக்கொண்டிருந்தனர். குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் நாளைக் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்தார் ஓர் அறிவிப்பைச் சங்க வாயிலில் ஒட்டியிருந்தனர்.

அதைப் படித்த இளம் நெசவாளர் ஒருவர், "என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் போட்ட ஊசிக்கே இரண்டு இரவு காய்ச்சல். வீட்டில் ஒருவரும் தறியில் உட்கார முடியவில்லை. அதற்குப் பின் நான் போடவில்லை, இனியும் வேண்டாம். என் பிள்ளை, என் விருப்பம்" என்றார். உடன் வந்திருந்த அவர் மனைவி, "அந்தக் காய்ச்சல் இரண்டு நாளில் போயிற்று. அம்மை வந்தால் அப்படிப் போகுமா?" என்று கேட்டார். அடுத்த வீட்டு நெசவாளர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, என் பையனுக்கு நாலு மாதந்தான் ஆகிறது. அவனுக்கு இந்த ஊசி இன்னும் போடக் கூடாதாம். உங்கள் மகள் தத்தித் தத்தி வந்து நாளெல்லாம் அவன் தூளியருகேதான் விளையாடுகிறாள்."

செயலாளர் என் பக்கம் திரும்பி, "ஐயா படித்தவர், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். எனக்குக் கணக்குத் தெரியுமேயன்றி மருத்துவம் தெரியாது. விவரம் அறிந்து எழுதுகிறேன் என்று கூறி வந்தேன். மருத்துவ அதிகாரி ஒருவரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக ஒன்று கூற வேண்டும். இவ்வாறு ஐயுறுவது புதிதன்று. அறியாமையின் அடையாளமும் அன்று. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் சென்னைக் கிண்டியில் 1948இல் நிறுவப்பட்டது. 1951இல் அம்மருந்தை நாடெங்கும் பெருந்திரளாகக் குழந்தைகளுக்குப் போடும் இயக்கம் தொடங்கிற்று. 1955இல் அதை வெளிப்படையாக எதிர்த்தவர் சாமானியர் அல்லர். அதற்கு முந்திய ஆண்டு வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்த ராஜாஜி அவர்களே. தாம் எதிர்ப்பதன் காரணங்களை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். மருந்தின் பயன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. உயிருள்ள கிருமியை நலமாயிருக்கும் குழந்தைகளின் உடலில் இவ்வளவு பெருந்திரளாகச் செலுத்துவது முறையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். அப்போது மத்திய சுகாதார அமைச்சராயிருந்த ராஜகுமாரி அம்ருத் கௌர் அவர்கள் இயக்கத்தை ஆதரித்து நின்றார்.

இருதரப்பாரும் நாட்டின் நன்மையை நாடியவர்களே. அவர்களுள் யார் கூற்றுச் சரி? நம் சங்கங்களில் இத்தகைய வழக்கு எழுந்தால் என்ன செய்கிறோம்? உரக்கப் பேசியவர் பக்கம் தீர்ப்புச் சொல்வதில்லை. பேரேட்டைத் திறந்து பார்க்கிறோம். பி.சி.ஜி. விஷயத்திலும் பேரேடு திறக்கப்பட்டது. அதுவும் நம் தமிழ் மண்ணிலேயே. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த பகுதியில், 1968இல் ஒரு பெரும் பரிசோதனை தொடங்கிற்று. ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு உண்மை மருந்து. சிலருக்கு மருந்தற்ற வெறும் ஊசி. எவருக்கு எது என்பது திருவுளச்சீட்டு முறையில் முடிவாயிற்று. பின்னர் பதினைந்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர்.

முதல் முடிவு 1979இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே அம்முடிவு. பதினைந்தாண்டு முடிவும் இதையே உறுதி செய்தது. ஆகவே பயனைப் பற்றிய ராஜாஜியின் ஐயம் வீணன்று. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. இளங்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயும், உடல் முழுதும் பரவும் காசநோயும் சில வாரங்களில் உயிரைக் குடிப்பவை. இவ்விரண்டிலிருந்தும் பி.சி.ஜி. நூற்றுக்கு எழுபது அளவுக்கு மேல் காப்பளிக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளிலிருந்து தெளிவாயிற்று. இதனாலேயே இன்றும் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு முதலில் போடும் ஊசிகளுள் அதுவும் ஒன்றாயிருக்கிறது. ஊசியின் புகழ் பாடியோரும் குறை கூறினோரும் ஓரளவு சரி, ஓரளவு பிழை. உண்மையை வெளிக்கொணர்ந்தது பொறுமையாகச் செய்த கணக்கெடுப்பே. கேள்வி கேட்டவர் பழிக்கப்பட வேண்டியவரல்லர் என்பதும், கேள்விக்கு விடை கிடைத்தபின் அதை ஏற்பதே முறை என்பதும் நாம் கொள்ள வேண்டிய இரு பாடங்கள்.

இனித் தட்டம்மைக்கு வருவோம். பி.சி.ஜி. போடாத குழந்தைக்கு வரும் கேடு பெரும்பாலும் அக்குழந்தையோடு நிற்கும். தட்டம்மை அப்படிப்பட்டதன்று. மனிதரிடை பரவும் நோய்களுள் மிக விரைவாகப் பரவுவனவற்றுள் அது ஒன்று. காப்பில்லாத மக்களிடையே நோயுற்ற ஒருவர் 12 முதல் 18 பேர் வரை தொற்றச் செய்யக்கூடும். நோயாளி அறையை விட்டு நீங்கிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் தங்கும். சாதாரண அம்மை என்று நாம் நினைப்பது சிலருக்கு நுரையீரற் காய்ச்சலாகவும், மூளை அழற்சியாகவும், பார்வைக் குறைவாகவும் முடிகிறது.

இதற்கான ஊசியின் முதல் தவணை ஒன்பதாம் மாதம் நிறைந்தபின் போடப்படுகிறது. இரண்டாம் தவணை பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள். ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணையால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளே காப்புப் பெறுகின்றன. எஞ்சிய 15 பேரும், ஒன்பது மாதம் நிரம்பாத சிசுக்களும், நோயினால் ஊசி போடத்தகாத பிள்ளைகளும் எதை நம்பி வாழ்கிறார்கள்? சுற்றியிருப்போரிடம் நோய் நுழையாது என்பதை நம்பியே வாழ்கிறார்கள். ஊரில் நூற்றுக்கு 95 பேர் காப்புப் பெற்றிருந்தால்தான் நோய்க்குச் செல்ல வழியிராது என்பது நிபுணர்கள் கணக்கு. ஏரிக்கரையில் ஓரிடம் உடைந்தால் உடைத்தவன் வயல் மட்டுமா மூழ்கும்?

ஊசியால் தீங்கே இல்லையா என்ற கேள்விக்கும் நேர்மையாக விடை கூற வேண்டும். காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், வலி ஆகியவை வரலாம். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை நேர்வதுண்டு. அதற்கு உடனே சிகிச்சை செய்ய வேண்டும் என்பதாலேயே ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். இதைவிடக் கொடிய நிகழ்ச்சியும் நம் மாநிலத்தில் நேர்ந்துள்ளது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் ஊர்தோறும் சென்று ஊசி போடும் முறையைச் சில காலம் நிறுத்தி, மருத்துவ வசதியுள்ள சுகாதார நிலையங்களிலேயே போடலாயினர். இதை மறைத்துப் பேசுவது நம்பிக்கையை வளர்க்காது. நட்டத்தைக் காட்டாத ஐந்தொகையை எந்த அங்கத்தினர் நம்புவார்?

ஆனால் நேர்ந்த தீங்கு வேறு. கட்டிவிட்ட கதை வேறு. 1998இல் இங்கிலாந்தில் பன்னிரண்டே குழந்தைகளைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு கட்டுரை, தட்டம்மை அடங்கிய முத்தடுப்பு ஊசிக்கும் ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சி வேறுபாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவில் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஆயினும், 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு இந்த ஊசி இயக்கம் நடந்தபோது, கைப்பேசி வழியே வதந்திகள் பரவிப் பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க நேர்ந்தது.

"என் விருப்பம்" என்ற சொல்லையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. கொரோனா ஊசி பற்றிய வழக்கில் 2022 மே 2இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது என்றும், பொதுநலன் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அத்தீர்ப்புக் கூறுகிறது. நம் கூட்டுறவின் முதற் கொள்கையும் தன்விருப்பந்தானே! எனினும் இரண்டு வேறுபாடுகளை நினைவிற் கொள்ள வேண்டும். சங்கத்தில் விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். ஊர்க் காற்றிலிருந்து விலகல் கடிதம் கொடுக்க எவராலும் இயலாது. அன்றியும், இங்கே உடல் பெற்றோருடையதன்று. பேசத் தெரியாத பிள்ளையுடையது. சங்கச் சொத்து இயக்குநர்களுக்கு உடைமையன்று. அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. பிள்ளையின் உடலும் பெற்றோரிடம் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொறுப்பாளர் தம் மனம் போனபடி முடிவு செய்வதற்கில்லை. விசாரித்து அறிந்தே செய்தல் வேண்டும்.

எனவே அங்கத்தினர்கள் கூசாமல் விசாரிக்க வேண்டும். இது எந்த நோய்க்கான ஊசி, என்ன தொல்லை வரலாம், வந்தால் என்ன செய்வது, அடுத்த தவணை எப்போது என்று செவிலியரைக் கேளுங்கள். பிள்ளைக்கு முன்பு கடும் ஒவ்வாமையோ வலிப்போ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். மருந்துக்குப்பியில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறமாகவோ, சதுரம் மேலும் கறுத்தோ இருந்தால் அதைப் போடக் கூடாது. தட்டம்மை மருந்தைக் கரைத்து நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து போடலாகாது. இவற்றைக் கேட்பது அவமதிப்பன்று. தராசின் முத்திரையைப் பார்த்து விளைபொருளை நிறுக்கக் கொடுப்பதைப் போன்றதே இதுவும்.

இம்மாதம் அதே சங்கத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. அந்த இளம் நெசவாளர் தாமே அருகில் வந்தார். மனைவியும் அவரும் மகளை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் சென்றார்களாம். குப்பியை வாங்கிச் சதுரத்தையும் வட்டத்தையும் பார்த்த பின்பே ஊசிக்குச் சம்மதித்தாராம். "இந்தத் தடவையும் காய்ச்சல் வந்தது ஐயா, ஒரு வாரம் கழித்து. ஆனால் அப்படி வரலாம் என்று நர்ஸம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் நாங்கள் பயப்படவில்லை" என்றார். முந்திய காய்ச்சலின்போது அவரிடம் எவரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

பின்னர் அவர் தம் பாவு நூலை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரருடைய நூலையும் சேர்த்துத் தூக்கிச் சென்றார்.