டிரம்முக்குள் சுழலும் கோழி!

வீட்டில் சுற்றுகிற வேலை எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு மோட்டார் வந்துவிட்டது. மாவாட்ட மோட்டார், சட்னி அரைக்க மோட்டார், துணி துவைக்க மோட்டார். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். கொல்லையில் நிற்கும் ஒரு பழைய டிரம்மை அடுப்பாக்கி, அதற்குள் முழுக் கோழியைக் கம்பியில் கோத்து, மோட்டார் வைத்துச் சுற்றவிடுகிறார்கள்!

"பழைய டிரம்மிலா? அதில் சமைத்துச் சாப்பிடுவதா?" என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள் அல்லவா? நன்றாகச் சுளியுங்கள். இந்த விஷயத்தில் அந்தச் சுளிப்பு மிகவும் அவசியம். உங்கள் மகளோ மருமகளோ அந்தத் தேசத்தில் குடித்தனம் நடத்தினால், "அம்மா, இவர் கொல்லையில் டிரம் அடுப்பு செய்கிறார்" என்று என்றைக்காவது போனில் சொல்லக்கூடும். அப்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மின் பூர்வீகம்

இந்த டிரம்மின் கதையில் ஒரு பெண்மணி இருக்கிறார்! நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளர். 1889-ஆம் வருஷம் நவம்பர் மாதம் தன்னந்தனியாகப் புறப்பட்டு, கொழும்பு வழியாக உலகத்தையே சுற்றி, 72 நாட்களில் ஊர் திரும்பினாரே, அவரேதான். பிற்காலத்தில் கணவரின் இரும்புச் சாமான் கம்பெனியை அவர் நிர்வகித்தார். அங்கே வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் என்பவர் 1905-இல் உலோக டிரம்முக்குக் காப்புரிமை பெற்று, அதை அம்மையாரின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். இன்று உலகமெங்கும் உருளும் 200 லிட்டர் எஃகு டிரம்மின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

இந்த டிரம்மின் உயரம் சுமார் 88 சென்டிமீட்டர். உள்ளகலம் சுமார் 57 சென்டிமீட்டர். அடியில் காற்று நுழைய இரண்டு மூன்று துளைகள். உள்ளே கரி நிரப்பிய கம்பிக் கூடை. மேலே புகை போக வழி வைத்த மூடி. இவ்வளவுதான் அடுப்பு! துளையைத் திறந்தால் கரி கனல்கிறது, மூடினால் அடங்குகிறது. உச்சியில் ஒரு கம்பி வலை போட்டு, 110 அல்லது 120 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இறைச்சியை மணிக்கணக்காகப் புகையில் வேகவைப்பார்கள்.

ஏன் சுற்ற வேண்டும்?

வலையின் மேல் கிடக்கும் கோழிக்கு ஒரு பக்கம்தான் நெருப்பு முகம். அடிப்பக்கம் சீக்கிரம் சிவக்கும்; மேல்பக்கம் பின்தங்கும். கம்பியில் மெதுவாகச் சுழன்றால் எல்லாப் பக்கமும் முறை வைத்துத் தணலைப் பார்க்கும். உருகும் கொழுப்பில் ஒரு பகுதி, உடனே கீழே சொட்டிவிடாமல் கோழியின் மேலேயே புரண்டு வழியும். தனியாக நெய் தடவ வேண்டிய அவசியமில்லை.

இந்த உபாயம் புதிதல்ல. பழைய இங்கிலாந்தில் பெரிய வீட்டு அடுப்படிகளில் சிறுவர்களை உட்காரவைத்துக் கம்பியைச் சுற்றச் சொல்வார்கள். பிறகு, சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் குட்டைக்கால் நாயை விட்டு ஓடவைத்தார்கள்! அப்படி உழைத்த நாய்களில் ஒன்றைப் பாடம் செய்து, வேல்ஸில் அபர்கவென்னி என்ற ஊர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாவப்பட்ட ஜீவன்களின் வேலையைத்தான் இன்று கையடக்கமான மோட்டார் செய்கிறது. நிமிஷத்துக்கு இரண்டு முதல் ஆறு சுற்று. அதற்கு மேல் வேகம் தேவையில்லை.

முதல் கேள்வி: உள்ளே என்ன இருந்தது?

டிரம் வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பூச்சி மருந்து, ரசாயனம், பெட்ரோல், இன்னதென்று தெரியாத திரவம் எது இருந்திருந்தாலும் அந்த டிரம் அடுப்புக்கு ஆகாது. எரியும் திரவம் இருந்த டிரம்மில், கழுவிய பிறகும் ஆவி தங்கியிருக்கலாம். அதை வெட்ட மிஷினை வைத்தால், ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

உணவுப் பொருள் வந்த டிரம்மாக இருந்தாலும் உட்புறத்தில் ஒருவகைப் பூச்சு இருக்கும். விறகு போட்டுக் கொழுந்துவிட எரித்து, பிறகு தேய்த்துச் சுரண்டி, இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். உட்பூச்சே இல்லாத புது டிரம் வாங்குவது உத்தமம். துத்தநாக முலாம் பூசிய டிரம் வேண்டவே வேண்டாம். கடும் சூட்டில் அது புகையாகக் கிளம்பினால், சுவாசித்தவர்களுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

இரண்டாம் கேள்வி: கம்பியை எப்படி வெளியே எடுப்பது?

எதிரெதிராக இரண்டு துளை போட்டுக் கம்பியைச் செருகினால் போதும் என்று தோன்றும். ஆனால் கோழி கோத்த கம்பியை அந்தத் துளை வழியே நுழைக்க முடியுமா? சூடான டிரம்முக்குள் கையை விட்டுக் கோப்பதா?

ஆகையால், டிரம்மின் வாய்மேல் உட்காரும்படி ஒரு சாண் உயரத்துக்கு எஃகுத் தகட்டு வளையம் ஒன்று செய்துகொள்ள வேண்டும். அதன் மேல்விளிம்பில் எதிரெதிராக இரண்டு வெட்டு. கோழியோடு கம்பியை மேலிருந்து அதில் வைத்து மூடிவிடலாம். வெந்ததும் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கிவிடலாம். டிரம்மைத் துளைக்க வேண்டாம். கோழி சுழலும்போது மூடியில் இடிக்கக் கூடாது. அதற்கு ஏற்றபடி வெட்டின் ஆழத்தை வைக்க வேண்டும். வளையம் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். இல்லையென்றால் காற்று புகுந்து கரி கட்டுக்கடங்காமல் எரியும்.

மோட்டார் வெளிப்புறத்தில், சூடு தாக்காமல், நனையாமல் இருக்க வேண்டும். மின்சாரக் கம்பி டிரம்மின் மேல் உரசக் கூடாது. இன்னொன்று: அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230. லீவுக்கு வரும்போது அந்த மோட்டாரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் எரிந்துபோகும்!

மூன்றாம் கேள்வி: நிறை சரியாக இருக்கிறதா?

எல்லாம் சரியாகச் செய்தும் பலருடைய முயற்சி இங்கேதான் கெடும். கோழியின் ஒரு பக்கம் கனமாக இருந்தால், கம்பி அந்தப் பக்கத்தைத் தூக்கும்போது திணறும். இறக்கும்போது தொப்பென்று விழும். மோட்டாரின் பற்சக்கரம் தேய்ந்துபோகும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கோழியின் இறக்கையையும் காலையும் பருத்தி நூலால் உடம்போடு இறுக்கிக் கட்டுங்கள். கம்பியை நடுவில் கோத்து, கவைமுள்ளால் இரு புறமும் பிடிக்கச் செய்யுங்கள். பிறகு கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் லேசாக உருளவிட்டுப் பாருங்கள். கனமான பக்கம் தானே கீழே வரும். திருத்திக் கோத்தும் சரியாகவில்லையானால், எதிர்ப்பக்கத்தில் சிறு எடைக்கட்டி மாட்ட வேண்டும். எந்தப் பக்கத்தைத் திருப்பி விட்டாலும் அப்படியே நின்றால் நிறை சரி.

வெந்ததா, வேகவில்லையா?

கோழிக்குப் புகை அடுப்பின் வழக்கமான சூடு போதாது, தோல் ரப்பராகிவிடும். 150 டிகிரிக்கு மேல் வைத்தால் ஒன்றரைக் கிலோக் கோழி ஏறக்குறைய ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் வெந்துவிடும். புகையில் வெந்த இறைச்சி உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கலாம். ஆகையால் நிறத்தை நம்பாதீர்கள். தொடையின் கனமான இடத்தில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

மழையோ பனியோ, டிரம்மைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிவைக்க அனுமதிக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும்.

சைவக் குடும்பங்கள் ஏமாற வேண்டாம். தோல் சீவிய முழு அன்னாசிப்பழத்தில் சர்க்கரையும் பட்டைத்தூளும் தடவி இதே கம்பியில் சுற்றவிடலாம்; பிரேசில் தேசத்தில் அது பிரசித்தம். நிறை பார்க்கவும் சிரமமில்லை. அன்னாசிக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை!