இரண்டு சீட்டு, ஒரே மாத்திரை

ஆழ்வார்குறிச்சியில் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளை. வீட்டிலிருந்து காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தன் ஆச்சியின் அட்டைகள் இரண்டைக் கொண்டு வந்தாள். ஒன்றில் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று இருந்தது. மற்றது மருந்துக் கடையில் வாங்கியது. பெயரும் வேறு, நிறமும் வேறு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தவள், "டீச்சர், ரெண்டுலயும் அம்லோடிபின் 5 மி.கி.னு போட்டிருக்கு" என்றாள்.

இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை அது. ஆச்சி தினமும் இரண்டையும் போட்டு வந்திருக்கிறார். அவருடைய தலைசுற்றலையும் கால் வீக்கத்தையும் வயதின் கோளாறு என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள்.

இது எப்படி நேர்கிறது? அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. வாங்குவது மருந்தின் பொதுப்பெயரில். நாம் ஜெனரிக் என்கிறோமே, அது. மருந்தகச் சன்னலில் சீட்டைக் கொடுத்தால் பணமின்றிக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆச்சிக்கும் அப்படித்தான் வந்தது. பிறகு மகன் தனியார் மருத்துவரிடம் அழைத்துப் போனார். பழைய சீட்டை யாரும் எடுத்துப் போகவில்லை. அவர் அதே மருந்தை ஒரு கம்பெனிப் பெயரில் எழுதினார்.

கடைக்காரரிடம் "இதே மருந்து விலை குறைவாக இருந்தால் கொடுங்களேன்" என்று நாமே கேட்டிருப்போம். அவர் மறுப்பதில் நியாயம் உண்டு. மருந்து விதிகள், 1945இன்படி அட்டவணை 'எச்' மருந்துகளில், சீட்டில் உள்ளதற்குப் பதிலாக வேறொன்றை அவராக மாற்றித் தரக்கூடாது. மருத்துவர் குறிப்பிடாதவரை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கடையின் பெயரும் தேதியும் சீட்டில் பதிவது இதற்காகவே. 'எச் 1' வகையில் வரும் சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் காசநோய் மருந்துகளுக்கும் தனிப் பதிவேடு உண்டு. அதை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

ஆகவே பொதுப்பெயரில் எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேட்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கலாம்.

நாமாக எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. இரண்டு சீட்டையும் இரண்டு அட்டையையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றை நிறுத்திவிட்டார். அடுத்த பாடவேளையில் டோலோ, கால்பால், குரோசின் அட்டைகளை அடுக்கி வைத்தேன். மூன்றும் பாராசிட்டமால் என்று முதலில் சொன்னவள் அதே மாணவிதான்.