உப்பல் பணிமனையும் பதினொரு வரி நிரலும்

ஹைதராபாத் மெட்ரோவில் நாகோலை விட்டுக் கிளம்பும் ரயிலுக்கு அடுத்த நிலையம் உப்பல். இங்குள்ள பணிமனையில்தான் மெட்ரோவின் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. 2017 நவம்பரில் நாகோல் முதல் மியாப்பூர் வரை 30 கிலோமீட்டருக்குச் சேவை தொடங்கியபோது, ரயில்கள் தென்கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம் செய்தவை. சிக்னல் அமைப்பு பிரான்சின் தாலஸ் தந்தது.

இரண்டும் எப்படி இசைந்து ஓடுகின்றன? ரயிலில் உள்ள கணினி, தான் இருக்கும் இடத்தை ரேடியோ வழியே சொல்லிக்கொண்டே இருக்கிறது. தடத்தோரக் கணினி, 'இன்ன இடம் வரை போகலாம்' என்று அனுமதி தருகிறது. பெட்டிக்குள் மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. எந்தத் தகவல், எந்த வடிவில் கைமாறும் என்ற ஒப்பந்தம் போதும்.

பெரிய மென்பொருளுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். உள் விவரங்களை ஒவ்வொரு மாட்யூலும், அதாவது மென்பொருளின் ஒவ்வொரு தனிப் பகுதியும், தனக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்று 1972இல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் எழுதினார்.

ஒரு வங்கிச் செயலியை எடுத்துக்கொள்வோம். பணம் அனுப்பும் மாட்யூல், குறுஞ்செய்தி மாட்யூலை அழைக்கிறது. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணுக்காகக் குறுஞ்செய்தி மாட்யூல் மறுபடி பணம் அனுப்பும் மாட்யூலையே கேட்டால், சார்பு வட்டமாகிவிடும். பிறகு ஒன்றைத் தனியே சோதிக்கவோ மாற்றவோ முடியாது. தீர்வு எளியது: செய்தியோடு எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிடுவது. வட்டம் அறுந்து, சார்பு ஒரே திசையில் ஓடும்.

வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளில் சிக்கல் இன்னும் பெரிது. 2016 மார்ச் 22 அன்று, 'லெஃப்ட்-பேட்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதியவர் அதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். எழுத்துச் சரத்தின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வெறும் 11 வரிகள்தான். ஆனால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. அதன் பெயரையே கேள்விப்படாத பலரும் அதை நம்பியிருந்தார்கள். அவர்கள் எடுத்த லைப்ரரி, வேறொரு லைப்ரரி வழியே அதை இழுத்து வந்திருந்தது.

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற லைப்ரரியில் ஆபத்தான ஓட்டை வெளிப்பட்டபோதும், தங்கள் மென்பொருளில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே நிறுவனங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

இந்தத் தேடலை எளிதாக்குவது உட்கூறுகளின் பட்டியல். 2024 அக்டோபரில் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒவ்வொரு கூறின் பெயர், பதிப்பு எண், தந்தவர், அது சார்ந்திருக்கும் மற்றக் கூறுகள் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். நாளை இன்னொரு ஓட்டை தெரியவந்தால், பொறியாளர் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.